பசை காயாத நாற்காலி

பேரன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, பட்டறையிலிருந்து மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ரம்பமும் இழைப்புளியும்கூட நலம். என் போன்தான் நலமில்லை.

பலகை வெட்டக் கணக்குப் போடும் ஆப் ஒன்று வைத்திருந்தேனே, அதைப் போனோடு வந்த ஆப் கடையில் திடீரென்று தூக்கிவிட்டார்கள். பழசாகிவிட்டதாம்! அப்படிப் பார்த்தால் என்னையும்தான் தூக்க வேண்டும். பக்கத்துக் கடை வெல்டர்தான், "என்னண்ணே, ஒரே கடையைக் கட்டிக்கிட்டு அழணுமா? வெளிக் கடை ஒண்ணு இருக்கு, கேட்டதெல்லாம் கிடைக்கும்" என்று ஏற்றிவிட்டார். பழைய கடைக்காரன் கெடுபிடிதான், ஆனால் குப்பையை உள்ளே விடமாட்டான் என்று நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள். கேட்டேனா? வெளிக் கடையில் என் ஆப் கிடைத்தது, விளம்பரத் தொல்லையும் இல்லை, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காத ஒன்றும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உடம்பு இளைக்க வைக்கிற ஆப்பாம். "உங்கள் போனில் உள்ள எல்லா எண்களையும் பார்க்கலாமா?" என்றது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று "சரி"யை அமுக்கினேன். அவ்வளவுதான், "உங்கள் எடை எனக்குக் கவலையளிக்கிறது" என்று என் பெயரில் ஊருக்கெல்லாம் செய்தி போய்விட்டது. உங்கள் அம்மாவுக்கும்.

மற்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிப்பாரா? போன மாதம்தான் நம் வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி மடாரென்று முறிந்தது. "பசை காயலை சம்பந்தி, என் தப்புதான்" என்று சமாளித்தேன். இப்போது நான் குத்திக்காட்டுவதாக நினைத்து, பேத்தி பிறந்தநாளுக்கே வரமாட்டேன் என்கிறாராம். மகள் போனில் ஒரே அழுகை. நீங்கதான் எப்படியாவது அம்மாவைச் சமாதானப்படுத்தணும். நமக்குள்ள இருக்கட்டும், பசை நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு. அந்த நாற்காலியில நானும் வெல்டரும் ஒண்ணா உட்கார்ந்தே பார்த்திருக்கோம்.

இனி அந்த வெளிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். அம்மாவுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
கதிகலங்கிய மாமனார்

பின்குறிப்பு: கண் சரியில்லாததால், பேசப் பேசத் தானே எழுதும் ஆப்பில்தான் இந்தக் கடிதம். அதுவும் அந்த வெளிக் கடையில் எடுத்ததுதான். ஒவ்வொரு பத்தியையும் முடிந்த கையோடு எல்லா எண்ணுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது பாவி, இப்போதுதான் பார்த்தேன். சம்பந்தியம்மா பதிலும் போட்டுவிட்டார்: "பிறந்தநாளுக்குக் கட்டாயம் வர்றேன் சம்பந்தி. அதே நாற்காலியை ஒட்டி வைங்க. நீங்களும் வெல்டரும் முதல்ல உட்காருங்க, பார்க்கலாம்."