சடைச்சி பிக்கப்புக்குக் கூம்பு மாட்டிய கதை

ஒரு காட்டில், அதுவும் பெட்ரோல் பங்க் வந்துவிட்ட காட்டில், சடைச்சி என்ற காட்டுப்பன்றி பிக்கப் வண்டியில் பலாப்பழம் ஏற்றிப் பிழைத்துவந்தாள். சந்தை மலைமேல். அவள் வண்டியோ மேட்டைக் கண்டாலே இளைக்கும். வழியில் எருமைக் கூட்டம் வேறு. ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. எப்போதும் கடைசியில்தான் போய்ச் சேருவாள்.

சந்தைத் தலைவர் சிங்கத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வாரமும் நரி சொரிமுத்து வண்டிக்குப் பின்னால வந்தே, உன் கடை இடம் அவனுக்குத்தான்."

சடைச்சி வண்டியை நேரே மெக்கானிக்கிடம் விட்டாள். அந்த இடம் போனால் பிழைப்பே போச்சு.

மெக்கானிக் கிட்டப்பா ஒரு குரங்கு. பானெட்டைத் திறந்து, பழைய ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினான். ஒரு கூடை செம்மண் கொட்டியது.

"அப்புறம் வண்டி எங்கேக்கா மூச்சு விடும்? பேப்பர் ஃபில்டர் போடவா? சாதுவான சாமான், தூசியைப் பிடிச்சிட்டுச் சும்மா கிடக்கும். பஞ்சு ஃபில்டர்னா கழுவி, எண்ணெய் தடவி மறுபடி மாட்டிக்கலாம். இல்லேன்னா இதைப் பாருங்க! பெட்டியே இல்லாத கூம்பு. காத்தை அள்ளிக் குடிக்கும்!"

கூம்பு சிவப்பாகப் பளபளத்தது.

"மேடு ஏறுமா?"

"ஏறுமாவா? பறக்கும்க்கா!"

சடைச்சி மயங்கி, அதையே மாட்டச் சொல்லிவிட்டாள். பளபளப்பைக் கண்டு மயங்காதவர் யார், சொல்லுங்கள்!

சந்தை நாளும் வந்தது. வண்டியைக் கிளப்பினாள். அடேயப்பா, என்ன உறுமல்! ஆனால் மேட்டில் முன்னைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது. பெட்டி இல்லாத கூம்பு, இன்ஜின் சூட்டுக் காற்றையல்லவா குடித்துக்கொண்டிருந்தது!

"படுபாவிக் குரங்கே! திரும்பி வந்து உன் வாலை முறுக்குறேன் பாரு!" அழுகையும் ஆத்திரமுமாகத் திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

எருமைகள் உறுமலைக் கேட்டன. புலிதான் என்று நினைத்துத் தலைதெறிக்க ஓடின. முன்னால் போன சொரிமுத்துவும் வண்டியைப் புதருக்குள் விட்டுவிட்டு, குதித்து ஓடிப்போனான். காலி ரோட்டில் ஆமை வேகத்தில் ஊர்ந்து, சடைச்சி முதல் ஆளாகச் சந்தைக்குள் நுழைந்தாள்.

"என்ன வேகம், என்ன வேகம்! இடம் உனக்கேதான்!" என்றார் சிங்கத்தார். சடைச்சி பானெட்டைத் திறந்து, உறுமிய கூம்பைக் காட்டினாள்.

சிங்கத்தார் அக்கம்பக்கம் பார்த்தார். இருமலை அடக்கிக்கொண்டு அவள் காதோரம் குனிந்தார்.

"கொஞ்ச நாளாத் தொண்டை சரியில்லேம்மா. அந்தக் கூம்பு எனக்குப் பொருந்துமா?"

நீதி: மேடு ஏற முடியாதவர்கள் உறுமிக்கொண்டே மூச்சு வாங்கவும். இளைப்பது யாருக்கும் தெரியாது.