கதிர் ரொட்டியில் பட்ட கத்தி

பெண் கொடுக்கத் தயங்கும் மனிதரிடம் சுறுசுறுப்பைக் காட்டக் கூடாது. சும்மா நின்றாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எஸ்தரை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் அப்பா யோசித்துக்கொண்டிருந்த நேரம். முசரவாக்கத்துச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதுவரை ஊரார் வயலில் கூலிக்கு அறுத்த எஸ்தர் குடும்பம், அந்த வருடம்தான் சொந்த நிலத்தில் முதல் நெல் அறுத்திருந்தது. நன்றிக் காணிக்கையாக, நெற்கதிர்க் கட்டைப் போலவே முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி. பெரிய காஞ்சிபுரத்து பேக்கரியிலிருந்து அதை வாங்கிவரும் பொறுப்பு எனக்கு. (பரீட்சை என்று படிக்கவும்.)

ரொட்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குப் பிய்ப்பார்களே, ஒருவருக்குக் கட்டி, இன்னொருவருக்குத் தூள் என்றாகுமே என்று என் மனம் பதறியது. அளவுகோல் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கத்தி கேட்டேன்.

"வேணாம்பா," என்றார் பேக்கரி பாய். "காணிக்கை வைக்கிறது. முழுசா எடுத்துக்கினு போ."

"நீங்க கத்தியக் குடுங்க பாய்."

ஒரே கனத்தில் துண்டு போட்டு, பெட்டியில் வரிசை கலையாமல் அடுக்கினேன்.

சர்ச் வாசலில் பெட்டியைத் திறந்த எஸ்தர் தலையில் கை வைத்தாள். "இன்னாங்க இது! அறுவடை முடிஞ்சா அருவாளுக்கு ஓய்வு. இந்த ரொட்டி மேல இரும்பே படக் கூடாது. எல்லாரும் கையாலதான் பிட்டுத் துன்னணும்!"

"எல்லாருக்கும் சமமா இருக்கட்டுமேன்னு..."

"அப்பா பாத்தாருன்னா உங்களையும் சமமா நறுக்குவாரு."

அவளே வைக்கோலைத் திரித்து, துண்டுகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பார்த்தால் நிஜக் கதிர்க்கட்டு. எனக்கு உயிர் வந்தது.

அவள் அப்பா அதை இரு கைகளிலும் ஏந்தி, கண் கலங்கப் பீடத்தை நோக்கி நடந்தார். பாதி வழியில் வைக்கோல் நழுவியது. ஒரு துண்டு விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. (விழுவதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது.) காணிக்கைக்குக் கட்டியிருந்த சேவல் ஒன்று கயிற்றை உதறிவிட்டு, கொத்திக்கொண்டே அவர் பின்னால் போயிற்று. பீடத்தை அடைந்தபோது அவர் கையில் வைக்கோல் மட்டும் இருந்தது.

திரும்பினார். "யாரு வேல இது?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

சேவல் கூவியது.

குருவைத் தெரியாது என்று சீடன் சொன்ன பொய்க்குச் சேவல் கூவிய பைபிள் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சபை அது. கூரை அதிரச் சிரித்தார்கள். அவர் என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த அளவுகோலையே பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பொண்ணு குடுக்கறேன்பா. கத்தி மட்டும் குடுக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். கல்யாண கேக்கை நாங்கள் கையால் பிட்டோம். போட்டோவில் பின்னால் மாமனார் நிற்கிறார். ரிப்பன் கட்டிய கத்தி அவர் பையில். அந்த வீட்டில் இன்றும் எனக்கு மாம்பழம் முழுசாகத்தான் வருகிறது.