என்ஜினுக்குப் பவுடர் போட்டவர்

புனேயில் முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். என்ஜினுக்குப் பவுடர் போட்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஃப்ளாட்டில், கிச்சனை ஒட்டிய அறையில் குடியிருந்தார்.

ஆதாரில் வேறு பெயர். எங்களுக்குப் பவுடர் அண்ணன். சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். போசரியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. பம்ப் ஒழுகுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது. நானும் செல்வமும் முரளியும் ஐ.டி. பிம்ப்ரியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் நாலு பேரும் சேர்ந்து இருந்தோம். நாங்கள் மூவரும் வேலையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவோம். அவர் வீட்டுக்கும் கொண்டு வருவார்.

ஆயில் ஒழுகும் வண்டி கண்ணில் பட்டால் போதும். என்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவிடுவார். பிறகு குழந்தைக்குப் போடுவது போல டால்கம் பவுடரைத் தட்டுவார். சிறிது நேரம் என்ஜினை ஓடவிட்டு, டார்ச்சோடு குனிவார். வெள்ளையில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ, அங்கேதான் கசிவு.

"ஆயில் கீழதான் சொட்டும் கண்ணு. திருடன் மேல உக்காந்திருப்பான். எல்லாரும் கீழ இருக்குறவனப் புடிச்சு ஒதைக்கிறாங்க" என்பார். அவர் வைத்தியம் பார்க்கும் நாளில் பார்க்கிங் முழுக்க மணமகள் அறை போல மணக்கும்.

ஒருமுறை எனக்கு ஷூ வாங்க அண்ணனின் பைக்கில் கேம்ப் கடைவீதிக்குப் போனோம். முன்னால் போன ஆட்டோ சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டது. அண்ணன் ஹாரன் அடித்தபடி துரத்தினார். ஆட்டோக்காரர் மிரண்டு வேகம் எடுத்தார். உள்ளே இருந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு வழியாக சிக்னலில் பிடித்தோம்.

"பாய் சாப், தும்ஹாரா ஆயில்!" என்று அண்ணன் மூச்சிரைக்கச் சொன்னார்.

ரொம்ப நாளாகவே தெரியும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் ஆட்டோக்காரர் போய்விட்டார். அன்று அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு ஷூவும் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் இருக்கும் சொசைட்டியில்தான் பார்க்கிங்குக்குப் புது டைல்ஸ் போட்டார்கள். ஒரே வாரத்தில், எங்கள் பைக்குக்கும் செக்ரட்டரி அங்கிளின் பைக்குக்கும் நடுவே கறுப்பாக ஒரு கறை. அங்கிள் ரிடையர் ஆன மராத்திக்காரர். தன் பழைய பைக்கைத் தினமும் காலையில் துணியால் துடைத்து, கண்ணாடி போல வைத்திருப்பார். ஒழுகினால் அது பேச்சலர்களின் வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வாசலில் வந்து நின்றார். "சண்டே தக். நஹி தோ காலி கரோ." ஞாயிறு வரைதான் கெடு.

இந்த ஊரில் கல்யாணமாகாத நாலு பேருக்கு ஃப்ளாட் கிடைப்பதன் அருமை தேடியவர்களுக்குத்தான் தெரியும். இதைப் பிடிப்பதற்கே, தனக்கு நிச்சயமாகிவிட்டது என்று செல்வம் பொய் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் பாதி சொசைட்டி கூடிவிட்டது. அண்ணன் இரண்டு பைக்குக்கும் பவுடர் போட வேண்டும் என்றார். "பக்கத்துல நிக்கிறவனையும் விசாரிக்கோணுமில்ல?"

"கரோ, கரோ" என்றார் அங்கிள், ராஜா மாதிரி.

இரண்டு என்ஜினும் உறுமின. எங்களுடையது வெள்ளை மாறாமல் நின்றது. அங்கிளுடையதில் மட்டும் உச்சியிலிருந்த டேப்பட் கவர் என்ற மூடியின் விளிம்பில் மை வைத்தது போல ஒரு கோடு. அது மெல்ல வழிந்து கீழே சொட்டியது. தினமும் துணி கறுத்ததை அவர் ரோட்டுத் தூசி என்று நினைத்திருக்கிறார்.

செல்வம் குதித்தான். "அண்ணா! இப்ப யாரு காலி பண்ணணும்னு கேளுங்கண்ணா!"

"சித்த சும்மா இரு கண்ணு. என்ஜின் கொதிக்குது" என்றார் அண்ணன். அவர் அங்கிளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. போல்ட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், இத்னா டைட் கோன் கியா?" இவ்வளவு இறுக்கியது யார் என்று கேட்டார்.

"மைனே" என்றார் அங்கிள், குரல் தாழ்ந்து. "ஹர் சண்டே."

வாராவாரம் பைக்கைக் குளிப்பாட்டி, இருக்கிற போல்ட்டையெல்லாம் பலம் கொண்ட மட்டும் இறுக்குவது அவர் வழக்கம். சூடு ஆறியதும் மூடியைக் கழற்றினால், உள்ளிருந்த கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கி, இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"ரெண்டு இரும்புக்கு நடுவுல இது மெத்தைங்க. மெத்தை மேல ஏறிக் குதிச்சா கிழியாம என்ன பண்ணும்?" அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அங்கிளைத் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்து, உதிரிபாகக் கடைகள் இருக்கும் நானா பேட்டைக்கு ஓட்டினார். வேடிக்கை பார்க்க நானும் முரளியின் வண்டியில் போனேன். கடைக்காரர் காகிதம், கார்க், ரப்பர் என்று கேஸ்கெட்டுகளைப் பரப்பினார். அங்கிள் இருப்பதிலேயே தடியானதை எடுத்தார். அண்ணன் பிடுங்கித் திருப்பி வைத்தார். தடித்தால் மூடி சரியாக உட்காராது. பழசின் கனம்தான் வேண்டும். பேஸ்ட் பூசலாமா என்று அங்கிள் சைகையில் கேட்டார். பேஸ்ட் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் போகும் பாதையை அடைத்தால் என்ன ஆகும் என்று, அண்ணன் கழுத்தைச் சாய்த்து நாக்கைத் தள்ளிச் செத்துக் காட்டினார். ஒவ்வொரு கேஸ்கெட்டையும் பழசின் மேல் வைத்துத் துளைக்குத் துளை சரிபார்த்ததில் மூடும் நேரமாகி, கடைக்காரர் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார். கடைசியில் ரப்பர் தேறியது.

மாட்டும்போது ஸ்பானரை அங்கிளிடமே கொடுத்தார். போல்ட் உட்கார்ந்ததும் அங்கிளின் கை பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு திருகுக்குப் போனது. பளீரென்று அண்ணன் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தார். "பஸ், அங்கிள்! பஸ்!" போதுமாம்.

எங்களை வெளியேற்றக்கூடிய ஒரே கை அது. அங்கிள் கையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது. கறையை அங்கிளே மரத்தூள் போட்டுத் தேய்த்தார்.

போன மழைக்காலத்தில் அண்ணனின் கம்பெனி அவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டது. நாலாவது ஆளாக ஒரு நல்ல பையன் இருக்கிறான், சேர்த்துக்கொள்கிறீர்களா என்று அங்கிள் மேலே வந்து கேட்டார். கிச்சனை ஒட்டிய அறையில் சாமான் கிடக்கிறது என்றான் முரளி. கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே ஒரு பாய்கூட இல்லை. அங்கிள் எட்டிப் பார்த்தார்.

"சாமான் ரஹ்னே தோ." சாமான் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.