மூன்றாவது சரணம்

இந்தக் கோடையிலாவது வீட்டில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று வெர்லின் ஸ்டோக்ஸ் கங்கணம் கட்டிக்கொண்டான். பதினெட்டு வருடம் நடீனோடு குடித்தனம் செய்தவனுக்கு இது பேராசைதான்.

அமெரிக்காவின் டென்னஸியில் அவர்கள் ஊர் வானொலி, கிராமிய வாடையடிக்கும் கன்ட்ரி பாட்டுகளில் கோடையின் சிறந்ததற்கு வாக்கெடுப்பு வைத்திருந்தது. வெர்லினின் பாட்டு 'சனிக்கிழமை ஆறு'. டிரக், நாய், பீர், தூண்டில், ஆற்றங்கரை என்று பல்லவி முழுக்க அவன் வாழ்க்கை லட்சியம். நிஜத்தில் அவன் சனிக்கிழமைகள் மாமியார் வீட்டுப் புல்லை வெட்டுவதில் போய்க்கொண்டிருந்தன.

நடீனின் பாட்டில் ஒருத்தி புருஷனுடைய டிரக்கின் நாலு டயரையும் கிழிப்பாள். அவள் அதைப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தால், வெர்லின் வெளியே போய் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவான்.

"பந்தயம் வெச்சுக்கலாமா? எந்தப் பாட்டு ஜெயிக்குதோ, கோடை முடியற வரைக்கும் அதுல உள்ளபடிதான் இந்த வீட்டுல நடக்கணும்" என்றான் வெர்லின்.

"என் பாட்டு ஜெயிச்சா டயரு போயிடுமே?"

"போகட்டும்."

"பாட்டுல இருக்கறது அத்தனையுமா?"

"ஒரு வரி விடாம."

நடீன் அதை அப்படியே தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கொட்டகையில் ஒளிந்துகொண்டு வெர்லின் வானொலிக்கு முப்பத்திரண்டு தடவை போன் போட்டான். கிழவர் குரல், சளி பிடித்த குரல், கடைசியில் சர்ச் போதகர் குரல்.

"போதகரே, பீர் பாட்டுக்கா ஓட்டு?" என்றான் அறிவிப்பாளன்.

"பாவிகளை நேசிக்கணும் தம்பி."

வெள்ளிக்கிழமை மத்தியானம் 'சனிக்கிழமை ஆறு' முதலிடம் என்று அறிவித்தார்கள். வெர்லின் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் ஆடினான்.

"தோத்துட்ட இல்ல?"

"ஆமாம்ப்பா. உக்காரு, முழுப் பாட்டையும் போடுறாங்க."

இரண்டு சரணம் வரை அவனும் கூடவே பாடினான். அதற்குமேல் அவன் கேட்டதே இல்லை. டிரக் ரேடியோவில் கேட்கிற பாட்டு; வழக்கமாக அதற்குள் வேலைக்குப் போகிற வழி முடிந்து டிரக்கை நிறுத்திவிடுவான். கன்ட்ரி பாட்டில் மூன்றாவது சரணத்தில் யாராவது சாவார்கள், இல்லை திருந்துவார்கள் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

இந்தப் பாட்டில் புருஷன் திருந்தினான். டிரக் சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுத்து, "ஆறு உனக்கு, வீடு எனக்கு" என்றான். அவள் அம்மா வீட்டுப் புல்லை வெட்டினான். வேலிக்குப் பெயிண்டும் அடித்தான்.

நடீன் கையை நீட்டினாள். "சாவி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கொட்டகைக்கு வெளிய நின்னு எண்ணினேன், நீ முப்பத்திரெண்டு போன் போட்டே. அதே பாட்டுக்கு நானும் அம்மாவும் சேந்து நாப்பத்தொண்ணு."

மறுநாள் காலை நடீன் தூண்டில், பீர், நாய் சகிதம் ஆற்றுக்குக் கிளம்பினாள். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது சரணத்தில் சரணம் அடைந்த வெர்லின், மாமியார் வீட்டில் அரை நாள் புல்லை வெட்டி, அரை நாள் வேலிக்குப் பெயிண்ட் அடித்து முடித்து, முதுகை நிமிர்த்தினான்.

மாமியார் ஜன்னலைத் திறந்தாள்.

"மாப்ள, பாட்டுல பெயிண்டு ரெண்டு கோட்டு அடிக்கணும்னு வருது."