பால் கலக்காத என் பாயாசம்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட ஆளை முதல் மாதத்தில் சமையலறைக்குள் விடக் கூடாது. என் குடும்பம் என்னை விட்டது. அதுவும் தங்கை கவிதாவின் நிச்சயதார்த்தத்தன்று.

மாப்பிள்ளை பிரகாஷுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் உள்ளே போனாலும் வயிறு கலகம் செய்துவிடும். நல்ல பையன், கவிதாவை விரும்பிக் கேட்டவன். அவன் அம்மாவுக்குத்தான் அரை மனது. செம்பனை எஸ்டேட் லயத்திலிருந்து வந்த குடும்பம், ஈஜோக் பட்டிக்காட்டில் கம்பத்து வீடு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு சகுனப் பிழை கிடைத்தால் போதும், காரைத் திருப்பிக்கொண்டு தங்கள் ஊரான ரவாங்குக்கே போய்விடுவார்.

இந்த நிலையில்தான் சாப்பாட்டுப் பொறுப்பை நான் ஏற்றேன். தொழிற்சாலையில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலை. போதாக்குறைக்கு, பாலை அறவே ஒதுக்கும் வீகன்காரர்களின் காணொளிகளை வேறு பார்த்துத் தொலைத்திருந்தேன். கேசின் என்றால் பால் புரதம். வே பவுடர் என்றால் பால் திரிந்து பிரிகிற நீரைக் காயவைத்த பொடி. (இந்த இரண்டு சொல்லும் தெரிந்ததும் டாக்டர் பட்டமே வாங்கிவிட்ட நினைப்பு எனக்கு.)

காலையிலிருந்தே வேட்டை. உருளைக்கிழங்கு வறுவலில் வே பவுடர், தூக்கு. ரொட்டியில் பால் மாவு, தூக்கு. மார்ஜரினைக்கூட விடவில்லை. செகிஞ்சானிலிருந்து அத்தை ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பட்டர் போட்டீங்களா அத்தை?"

"போடாம? அதான் வாயில கரையுது."

"அப்ப வேணாம். வெளிய வைங்க."

"ஏண்டி, அந்தப் பையன் மட்டும் சாப்பிடாம இருந்தா போதும்லா?"

"கலந்துடும் அத்தை. ரிஸ்க்."

முறுக்கு டின் காருக்குள் போனது. அத்தையின் முகத்திலிருந்த சிரிப்பும் கூடவே போனது.

அடுத்தது சவ்வரிசிப் பாயாசம். "தேங்காய்ப் பால் ஊத்தி இறக்குடி, வேலை முடிஞ்சுச்சு" என்றார் அம்மா. நான் இளக்காரமாகச் சிரித்துவிட்டு, தேத்தண்ணிக்கு ஊற்றுகிற கிரீமர் டின்களை எடுத்தேன்.

"அடியே, அது டின் பாலாச்சேடி?"

"பேருதான்மா பால். இது செம்பனை எண்ணெய், பாமாயில். மாடே கிடையாது. அப்பா எஸ்டேட்டுல காலமெல்லாம் வெட்டுன குலைம்மா இது!"

மூலையில் இருந்த அப்பா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்த பொட்டலம் அத்தனையையும் திருப்பிப் படித்த நான், அந்த டின்னை மட்டும் திருப்பவில்லை. செம்பனைக் காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குச் செம்பனையைப் பற்றி ஒரு டின் வந்தா சொல்லித்தர வேண்டும்?

"அண்ணி, பால் இல்லையே?" என்று பிரகாஷ் கேட்டான்.

"சொட்டுக்கூட இல்ல. நான் கேரண்டி."

பாவம், பாயாச ருசியே அறியாமல் வளர்ந்த பிள்ளை. கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான்.

தட்டு மாற்றியாகிவிட்டது. மோதிரம் போடுவதுதான் பாக்கி. நாலரைக்கு ராகு காலம். அப்போது பிரகாஷின் நெற்றி வியர்த்தது. எழுந்தான். யாரையும் பார்க்காமல் நடந்தான். கழிவறைக் கதவு மூடியது மூடியதுதான், திறக்கவே இல்லை.

"நல்ல நேரத்துல எம்புள்ளைக்கு ஏன் இப்படி ஆவுது? இந்த வீடு ஆகி வராது போல" என்று அவன் அம்மா கைப்பையை எடுத்தார்.

கவிதா என்னைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு நின்ற முகம் அது. சமையலறைக்கு ஓடி டின்னைத் திருப்பினேன். செம்பனை எண்ணெய்க்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வே பவுடர். அதற்கடுத்து, பாலின் திடப்பொருள். காலையிலிருந்து நான் துரத்திய திருடர்களை நானே பாயாசத்தில் ஊற்றியிருக்கிறேன்.

டின்னும் கையுமாகக் கூடத்துக்கு வந்தேன். "ஆன்ட்டி, வீட்டு மேல குத்தமில்ல. பாயாசத்துல பால் இருக்கு. நான்தான் ஊத்துனேன்."

முறுக்கு அத்தைதான் எழுந்தார்.

"கேட்டீங்களா சம்பந்தி, சகுனமாவது ஒண்ணாவது. எல்லாம் இந்த டின் பால் பண்ண வேலை. மணி ஆவுது லா! கவிதா, வாடி!"

நேரே போய்க் கழிவறைக் கதவைத் தட்டினார். "தம்பி, கைய மட்டும் வெளிய நீட்டுங்க!"

கதவு சாண் அகலம் திறந்து ஒரு கை வந்தது. கவிதா மோதிரம் போட்டாள். அந்தக் கை துழாவித் துழாவி அவள் விரலைப் பிடித்து, பதிலுக்கு ஒரு மோதிரம் போட்டுவிட்டு அவசரமாக உள்ளே போனது. முதலில் சிரித்தவர் பிரகாஷின் அம்மா. கைப்பையும் கீழே இறங்கியது. (அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செம்பனை அவர் மானத்தை வாங்கிவிட்டதாம்.)

அத்தை காரிலிருந்து முறுக்கை எடுத்துவந்து ஆளாளுக்குக் கொடுத்தார். நானும் கையை நீட்டினேன்.

"உனக்கு வேணாம்டி. ரிஸ்க்."

இன்று கவிதாவின் திருமண ஆல்பத்தில் முதல் படமே கழிவறைக் கதவும் ஒரு கையும்தான். அவள் மகனுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது. ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் வாங்கியதும் திருப்பி, பின்பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் வீடே கூரையைப் பார்க்கிறது.

போன வாரம் நான் கொடுத்தது வாழைப்பழம். அதையும் திருப்பிப் பார்த்தான்.