நானூற்றுப் பதினொரு கையெழுத்து

“கத்தரியைக் கீழே வை, பெர்சியோ! பேனாவை எடு!”

பாதி மீசை இழந்த வாடிக்கையாளர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார். சலூன் வாசலில் லாஸ் குவாபாஸ் ஊரே நின்றது. நீதிக்காக ஓர் ஊர் இத்தனை ஒற்றுமையாக வியர்த்ததை தொமினிக்கன் மண் அதுவரை கண்டதில்லை.

முன்னால் மளிகைக்கடை தோன்யா நெரெய்தா. ‘யோர்தானி பாதுகாப்புக் குழு’வின் தலைவி. ஊர் பெற்ற பேஸ்பால் வீரன் யோர்தானி, அமெரிக்காவில் பந்தயக்காரர்களுக்காக ஒன்பதாம் சுற்றின் முதல் பந்தை வேண்டுமென்றே தவறாக மண்ணில் வீசினான் என்பது வழக்கு. குழு அவசரமாகக் கூடியது. குற்றவாளி காற்றுதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த மைதானத்துக்குக் கூரை உண்டு என்ற அற்பத் தகவல் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

“நானூத்திப் பதினொரு பேர் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. மூணு மணிக்கு வக்கீல் கிளம்பறாரு. ‘ஊர் முழுக்க அவன் பக்கம்’னு மனுவுல எழுதியாச்சு!”

“எழுதினதை அழிச்சிருங்க, தோன்யா.”

“பாவி! அவனைப் பெத்தவ அழுதுகிட்டிருக்கா!”

“புது ஃபிரிட்ஜ் மேல சாஞ்சுகிட்டுதானே?”

கூட்டம் கொதித்தது. “நீ போடலைன்னா இனி உன் நாற்காலியில ஈ கூட உட்காராது!” என்றான் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் ராதமேஸ், புது வண்டியின் ஹாரனை அழுத்திக்கொண்டே.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஊருக்கே நல்ல காலம். புது வண்டிகள், புதுத் தகரக் கூரைகள். பாதிரியாருக்குக்கூடப் புது ஒலிபெருக்கி. பெர்சியோவின் சலூனில் மட்டும் இரண்டு நாற்காலி ஒன்றாகியிருந்தது.

பெர்சியோ கத்தரியைத் துடைத்தார். யோர்தானிக்கு முதல் முடி வெட்டியவர் அவர். ஊர் வராவிட்டால் நாளைக்கு அடுப்பும் எரியாது.

“ஏன்யா, உனக்கு அந்தப் பையன் மேல நம்பிக்கையே கிடையாதா?” தோன்யாவின் குரல் உடைந்தது.

பெர்சியோ இழுப்பறையைத் திறந்தார். கசங்கிய பந்தயச் சீட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். அதே ஆட்டம். அதே பந்து.

“‘முதல் பந்து மண்ணுல விழும், பணம் கட்டிக்குங்க’ன்னு அவன் அனுப்பின செய்தி எனக்கும்தான் வந்துச்சு, தோன்யா. நீங்க நானூத்திப் பதினொரு பேரும் மண்ணு மேல கட்டினீங்க. நம்ம பையன் விளையாட்டுக்குச் சொல்றான், அப்படிச் செய்யவே மாட்டான்னு நாற்காலிய வித்து நான் அவன் மேல கட்டினேன். இந்த ஊர்ல அவனை நம்பினவன் நான் ஒருத்தன்தான்!”