டேஷ்போர்டுக்குள் உப்புக்கண்டம்

கோவையில் ‘வீட்டுச் சைவர்’ என்றொரு இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். புரட்டாசி பிறந்ததும் கறிச்சட்டியைப் பரணில் ஏற்றி, வீட்டை மஞ்சள் தண்ணீரில் கழுவி, முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாமல், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் “நாம இந்த மாசம் சுத்த சைவமுங்க” என்று கேட்காமலே சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆனதும் கார்ச் சாவியைத் தேடுகிறவர் எவரோ, அவரே. எங்கே போகிறார்? வேறெங்கே, கறிக்கடைகள் நிறைந்த உக்கடத்துக்குத்தான்.

அங்கே கார்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடி ஏறியிருக்கும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பார்சல். பக்கத்துக் காரில் சொந்தச் சம்பந்தியே இருந்தாலும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படியொரு நாகரிகம்!

என் நண்பர் கந்தப்பன் இந்த இனத்தின் திலகம். மகள் கனிஷ்காவுக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று, காரமடைப் பெருமாளுக்கு மாதம் முழுக்க விரதம் என மனைவி குழந்தையம்மாளின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

“ஒரு துண்டு நாக்குல பட்டா ஏன்னு கேளு அம்மணி.”

பத்தாம் நாள் அப்துல் குத்தூஸ் பாய் கடையில் நின்றார். ஆட்டுக்கறியைக் காயவைத்துப் பொரித்த உப்புக்கண்டத்தைப் பாய் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு நீட்டினார். புரட்டாசிக்கென்றே அந்தப் பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கந்தப்பன் பாதியைக் காருக்குள்ளேயே தின்று, மீதியை டேஷ்போர்டுக்குள் ஒளித்து, சோம்பு மென்று, செண்ட் அடித்துக்கொண்டு வீடு திரும்பினார். பிறகு மறந்தும்போனார்.

சனிக்கிழமை குடும்பத்தோடு காரமடைக்குக் கிளம்பினார்கள். நல்ல வெயில். ஏசியைப் போட்டார். பூண்டும் மிளகாயும் ஏறிய ஆட்டுக்கறி வாசம், பெருமாளுக்கு வாங்கிய துளசி மாலையைத் தாண்டி வண்டி முழுக்க நிறைந்தது. மனுஷர் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார்.

“எலி கிலி செத்துக் கெடக்குதாட்ட இருக்குது, அம்மணி.”

குழந்தையம்மாள் டேஷ்போர்டைத் திறந்து பையை எடுத்தார். ஒரு துண்டை முகர்ந்து பார்த்தார். சத்தியம் போச்சு, நாளைக்கு வரன் தட்டிப்போனால் ஆயுசு முழுக்க இதையே சொல்லிக் காட்டுவாளே என்று நினைத்தபடி கந்தப்பன் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

“ஏனுங்க, குத்தூஸ் பாய் கடையதுங்களா? மொத வாரம் நான் வாங்குனதுல உப்புத் தூக்கலுங்க. இது பரவால்லீங்க.”

பின்சீட்டிலிருந்து கனிஷ்காவின் கை நீண்டது. “எனக்கொண்ணு குடுங்கம்மா.”

வண்டி ஓரமாக நின்றது. பெருமாளை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்வதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே கீழே போய் உங்கள் கார் டேஷ்போர்டையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள்.